பண்ணைக்கு ஒரு சின்ன இழைப்புளி

போன ஐப்பசியில் என் தேனீப் பெட்டி ஒன்று காலியானது. எறும்பு ஏறவில்லை. மெழுகுப் பூச்சியும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரும் மருந்து அடிக்கவில்லை. தென்னையில் பாளை வெடித்துக்கொண்டுதான் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

பழைய பலாமரக் கதவு ஒன்றை அறுத்து நானே பெட்டியும் சட்டங்களும் செய்திருந்தேன். சட்டத்தின் மேல்கட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடிப்போயிற்று. "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று சுத்தியல் காம்பால் தட்டி உள்ளே இறக்கிவிட்டேன். மழை பிடித்ததும் பெட்டிச் சுவர் ஊறி, சட்டம் இன்னும் இறுகிவிட்டது. ஆய்வுக்காகத் திறந்து, திருப்புளியை விட்டு நெம்பினேன். சட்டம் ஒரே உதறலில் மேலே வந்தது. புழு அடை பாதியாக ஒடிந்து கீழே விழுந்தது. நம் நாட்டு இந்தியத் தேனீ கொஞ்சம் ரோஷக்காரி, தொந்தரவு தாங்காது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கூட்டம் மொத்தமும் போய்விட்டிருந்தது.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் ஒரு ரூபாய் கணக்கு இடித்தால் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடியவன் நான். ஒரு மில்லிமீட்டரை விட்டுவிட்டேன்.

நம் மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நாலைந்து பேர், "அந்த ஒரு மில்லிமீட்டரை எதை வெச்சு எடுக்கிறது சார்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ரம்பம் அவ்வளவு மெல்லிசாக அறுக்காது, வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். உப்புத்தாளில் தேய்த்தால் மூலை உருண்டுபோகும். உளியால் தள்ளினால் கட்டை பிளக்கும், இல்லை கை கிழியும். அந்த வேலைக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. கடைக்காரர்கள் பிளாக் பிளேன் என்பார்கள். ஒரே கையில் அடங்கும் சின்ன இரும்பு இழைப்புளி. நீளம் ஆறு அங்குலம் சொச்சம், அலகின் அகலம் ஒன்றரை அங்குலம் ஒட்டி. நம்மைப் போன்ற பண்ணைக்காரர்கள் அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நான் வாங்கி ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் படம் பார்த்து 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பளபள என்று சாயம் பூசி வந்தது. மேல்கட்டையின் வெட்டுமுகத்தில் வைத்துத் தள்ளினால் கடகடவென்று குதிக்கிறது. பலம் கொடுத்தால் ஓரம் பிய்ந்து வருகிறது. எங்கள் ஊர் ஆசாரியாரிடம் கொண்டுபோனேன். எழுபது வயது தாண்டியவர். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மேனேஜர் சார், இது எழப்புளி இல்ல, எழப்புளி மாதிரி. வாயி இவ்வளவு தொறந்து கெடந்தா அது சீவுமா, கடிக்குமா?" என்றார்.

அவர் சொன்னது புரிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

மரத்தை ஒரு வைக்கோல் கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலகையின் நீளவாக்கில் இழைக்கும்போது வைக்கோல் படுத்துக் கிடக்கிறது. மேலாக உரித்து எடுக்கிறோம். வெட்டுமுகத்தில் இழைக்கும்போது அதே வைக்கோல் நுனியை நீட்டிக்கொண்டு நிற்கிறது; ஒவ்வொரு தாளையும் குறுக்கே அறுத்தாக வேண்டும். நெட்டுக்குத்தாக நிற்கும் அலகு அந்தத் தாள்களைச் சாய்க்கும், நசுக்கும். படுத்த அலகு அறுக்கும். அரிவாளை நாம் கதிரில் மொத்திப் போடுவதில்லை, சாய்த்து இழுக்கிறோம் அல்லவா, அதே கணக்குதான்.

பெரிய இழைப்புளிகளில், நம் ஊர் மர இழைப்புளி உட்பட, அலகைத் தீட்டிய சரிவு கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும். அதில் நீங்கள் எந்தக் கோணத்தில் தீட்டினாலும் மரத்தைச் சந்திக்கும் கோணம் மாறாது. அலகு படுத்திருக்கும் சாய்வு, பெரும்பாலும் 45 டிகிரி, அதுவேதான் வெட்டும் கோணம். பிளாக் பிளேனில் சரிவு மேல்பக்கம் பார்க்கும். அதனால் படுக்கையின் சாய்வோடு நீங்கள் தீட்டிய கோணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் படுக்கை ஏறத்தாழ 20 டிகிரி. வழக்கமாகத் தீட்டும் 25 டிகிரியைச் சேர்த்தால் 45. அதாவது பெரிய இழைப்புளி செய்யும் அதே வெட்டு. இன்னொன்று தாழ்கோண வகை. படுக்கை ஏறத்தாழ 12 டிகிரி. 25 சேர்த்தால் 37. வெட்டுமுகத்தில் வித்தியாசம் தெரிவது இந்த எட்டு டிகிரியில்தான். கடையில் கேட்கும்போது முதல் வகையை ஒன்பதரை என்றும், தாழ்கோணத்தை அறுபதரை என்றும் எண் சொல்லிக் கேட்கலாம். இவை ஸ்டான்லி நிறுவனம் வைத்த எண்கள். லியோனார்டு பெய்லி என்பவரின் இழைப்புளிக் காப்புரிமைகளை 1869-இல் அந்த நிறுவனம் வாங்கியது. அதற்குப் பின் வந்த எண்வரிசைதான் இது. இன்றைக்கு வேறு பலர் செய்யும் கருவிகளுக்கும் இந்த எண்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

எதை வாங்குவது? பண்ணைக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் தாழ்கோணம்தான் என்பேன். "வெட்டுமுகத்துக்கு அது சரி, நீளவாக்கில் முறுக்கு இழை வந்தால் பிய்க்குமே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பிய்க்கும். அதற்குத்தான் சரிவு மேலே இருப்பதன் பலன். இரண்டாவதாக ஓர் அலகு வாங்கி அதை 38 டிகிரியில் தீட்டி வையுங்கள். 12-உம் 38-உம் ஐம்பது. அதே உடம்பு, அலகை மாற்றினால் வேறு கருவி. வேம்பு, வாகை போன்ற முரட்டு இழைக்கு நான் அதைத்தான் போடுகிறேன். இருபது டிகிரிக்காரனை வாங்கியவர்கள் 37-க்கு இறங்க வேண்டுமானால் அலகை 17 டிகிரியில் தீட்ட வேண்டும். அவ்வளவு மெல்லிய முனை இரண்டு தள்ளில் மடிந்துவிடும்.

இப்போது ஆசாரியார் சொன்ன வாய். அலகு வெளியே எட்டிப்பார்க்கும் பிளவுதான் வாய். அதன் முன்னுதடு, அலகு மரத்தைத் தூக்குவதற்கு முன்பே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வாய் அகலமாக இருந்தால் பிடிப்பு இல்லை, மரம் வெட்டுக்கு முன்னால் பிளந்து ஓடும். நல்ல பிளாக் பிளேனில் முன்னால் ஒரு திருகைத் தளர்த்தி அந்த உதட்டை நகர்த்தலாம். தடிமனாக எடுக்கத் திறந்து வை, மெல்லிசாக எடுக்க மூடி வை. மலிவு வகையில் இது இருக்காது. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விடாதீர்கள்.

கடையில் கையில் எடுத்ததும் ஓர் இரும்பு அளவுகோலை அடித்தட்டில் நிறுத்தி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன் நுனி, வாயின் இரு பக்கம், பின் நுனி ஆகியவை ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுவே வேறெங்காவது தலைமயிர் அளவு பள்ளம் இருந்தால் பரவாயில்லை. வாயருகே பள்ளம் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கண்ணாடியில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம் என்பார்கள். செய்யலாம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும். அடுத்து அலகைக் கழற்றி, படுக்கையில் வெறுமனே வைத்து விரலால் இரு மூலையையும் அழுத்துங்கள். ஆடக்கூடாது. ஆடினால் வேலையில் அதிரும். என் 450 ரூபாய்க்காரன் குதித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆழம் கூட்டும் திருகு திசை மாற்றும்போது கொஞ்சம் சும்மா சுற்றும், அது எல்லாவற்றிலும் உண்டு; பயப்பட வேண்டாம். கடைசியாக உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரல் முன் குமிழில் எட்டுகிறதா பாருங்கள். எங்கள் வீட்டம்மா கைக்கு என்னுடையது பெரிது. சட்டம் இழைப்பதில் பாதி வேலை அவர்தான் செய்கிறார், வாங்கும்போது அவரை அழைத்துப் போயிருக்க வேண்டும்.

விலை? நல்லது சில ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய இரும்புச் சாமான் கடையில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தால் விடாதீர்கள், மேல்துரு போய்விடும். வாயருகே விரிசல் மட்டும் இருக்கக்கூடாது. வார்ப்பிரும்பு விரிசலை ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கத் தேவையில்லாதவர்களும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு மண்வெட்டிக் காம்பு மட்டும் போடுகிறவர், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினாலே போதும், நம் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கதவு, பலகை என்று நீளமாக இழைப்பவருக்கு ஆசாரியாரின் மர இழைப்புளிதான் நல்லது. மின்சார இழைப்பான் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு சாண் கட்டையை அதில் காட்டாதீர்கள். கட்டை பறக்கும், விரல் உள்ளே போகும்.

வாங்கி வந்த அன்றே தீட்ட வேண்டும். கடையிலிருந்து வரும் அலகு தீட்டிய அலகு இல்லை. முதலில் தட்டையான முதுகுப் பக்கத்தை, முனையிலிருந்து அரை அங்குலம் வரை, கல்லில் கண்ணாடிபோல ஆக்குங்கள். பிறகு சரிவு. கோணம் அளக்கக் கருவி வேண்டாம், ஒரு கணக்கு போதும்: சரிவின் அகலம் அலகின் தடிமனைப்போல 2.4 மடங்கு இருந்தால் 25 டிகிரி. மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்றால் சரிவு ஏழு மில்லிமீட்டர் சொச்சம். 38 டிகிரிக்கு 1.6 மடங்கு. சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். முனை நீலம் பாரித்தால் பதம் போயிற்று. அந்த இடம் முழுதும் தேய்த்து எடுத்தால்தான் மறுபடி வெட்டு நிற்கும். ஆசாரியார் இதைத்தான் சொல்வார்: "எந்த எழப்புளின்னு பாக்காதீங்க சார், அலகு நிக்குதான்னு பாருங்க." அவர் சொல்வது முக்கால் உண்மை. வாய் அகலமான கருவியில் அவர் தீட்டிய அலகும் பிய்க்கத்தான் செய்தது, அவரே போட்டுப் பார்த்தார்.

வெட்டுமுகத்தில் இழைக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தள்ளாகத் தள்ளக்கூடாது. கடைசி நார்களுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் ஓரம் பெயர்ந்துவிடும். இரு பக்கமிருந்தும் நடுவரை வாருங்கள், அல்லது பின்னால் ஒரு வீண்கட்டையைச் சேர்த்து இறுக்கிக்கொள்ளுங்கள். கருவியைச் சற்றே கோணலாகப் பிடித்துத் தள்ளினால் இன்னும் லேசாகப் போகும். பழைய கதவு, சன்னல் மரம் என்றால் இழைப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள். நான் தேடவில்லை, அலகின் நடுவில் ஒரு பல் போயிற்று. தேக்கு இழைத்தால் அலகு சீக்கிரம் மழுங்கும், அந்த மரத்தில் மணல்சத்து உண்டு. அது அலகின் குற்றமில்லை.

மண்வெட்டிக் காம்புக்கு: சதுரமாக அறுத்த கருவேலங்கட்டையின் நாலு மூலையையும் இழைத்து எட்டுப் பட்டை ஆக்குங்கள், பிறகு பதினாறு. அதற்குமேல் உப்புத்தாள் போதும். கடையில் வாங்கிய காம்பு எங்கள் களையெடுக்கும் அக்காவின் உள்ளங்கையில் சிராய் ஏற்றி, ஒரு வாரம் அவருக்குக் கூலி போனது. காம்புகளை எல்லாம் அதற்குப் பிறகு நானே இழைத்துவிடுகிறேன்.

தேனீப் பெட்டிக்கு வருகிறேன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நம் தேனீ நடக்க ஏழெட்டு மில்லிமீட்டர் வழி வேண்டும். அதைவிட அகலமானால் அதில் அடை கட்டிவிடும். குறுகினால் நசுங்கும், மெழுகுப் பூச்சி ஒளியும். அதனால் இழைக்கும்போது ஒவ்வொரு நாலு தள்ளுக்கும் ஒருமுறை பெட்டியில் போட்டுப் பாருங்கள். சட்டம் தன் எடையில் தானே இறங்கி உட்கார வேண்டும். தட்டக்கூடாது. மூடி விஷயம் வேறு: மரம் நீளத்தில் ஊறுவதில்லை, அகலத்தில்தான் ஊறும். சித்திரையில் சிக்கென்று செய்த மூடி ஐப்பசியில் திறக்காது. அதற்காக ஐப்பசியில் ஆத்திரப்பட்டு இழைத்துத் தள்ளினால் அடுத்த கோடையில் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். மழையில் இறுகினால் ஒரு சுருள் மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் காயும்வரை தள்ளிப்போடுங்கள்.

வேலை முடிந்ததும் சீவலைத் தட்டிவிட்டு, துணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு இரும்பு முழுக்கத் துடையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாக ஒட்டும். அடித்தட்டில் நம் பெட்டித் தேன்மெழுகை ஒரு கோடு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

தை மாதம் அந்தப் பெட்டியில் மறுபடி ஒரு குடும்பம் குடியேற்றினேன். சட்டங்கள் விரலால் தூக்கினாலே வருகின்றன. 38 டிகிரி அலகு மட்டும் இப்போது என்னிடம் இல்லை. "ரெண்டு நாள்ல தர்றேன் சார்" என்று ஆசாரியார் வாங்கிப்போய் ஒரு மாதம் ஆகிறது.