பாண்டியர் குதிரைகளும் குளம்பழற்சியும்: தீவன நோக்கில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பாண்டிய நாட்டிற்கு இறக்குமதியான குதிரைகள் விரைவில் அழிந்தன என்று மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் கூறுகின்றனர். அவ்வழிவிற்குக் குளம்பழற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாமா என்பதை, அவர்கள் தரும் தீவனக் குறிப்புகளைக் கால்நடை மருத்துவ அறிவோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குதிரை வணிகம், பாண்டியர், தீவனம், குளம்பு, இலாடம்.

முன்னுரை

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற வரலாற்றைக் கூறும் திருவிளையாடற் புராணத்தில் குதிரை இலக்கணம் விரிவாகப் பேசப்படுகிறது. எனினும், வாங்கிய குதிரை எவ்வாறு பேணப்பட்டது என்பதை அறிய அயலார் குறிப்புகளையே பெரிதும் நாடவேண்டியுள்ளது. அக்குறிப்புகளை அடியொற்றி, ‘தமிழர் குதிரை பேண அறியாதவர்’ என்ற முடிவு எளிதில் சொல்லப்பட்டுவிடுகிறது. அம்முடிவு மறு ஆய்வுக்குரியது.

அயலார் குறிப்புகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். இவ்வெண்கள் மிகைக்கூற்றாகலாம். சோற்றோடு வேகவைத்த இறைச்சி குதிரைகளுக்கு உணவாக்கப்பட்டது என்பதும், குதிரை வைத்தியம் அறிந்தோர் அங்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என்பதும் அவர் தரும் செய்திகள். தட்பவெப்பமும் குதிரைக்கு ஒவ்வாதது என்பது அவர் கருத்து.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வசாஃப், ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்ததையும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்பதையும் பதிவுசெய்கிறார். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவை தீவனமாயின; குதிரைகள் நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கவைக்கப்பட்டன; பின்னர்ப் பயிற்சியின்றி ஓட்டப்பட்டுச் சோர்ந்து பயனற்றுப்போயின என்கிறார்.

நோயும் தீவனமும்

குதிரையின் குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் குளம்பெலும்பையும் மெல்லிய தகடு போன்ற திசுக்கள் பிணைக்கின்றன. அவை நலிந்து பிணைப்புத் தளரும் நோயே குளம்பழற்சி. நோய் முற்றினால் எலும்பு சுழலும் அல்லது கீழிறங்கும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கி நிற்பது இதன் அடையாளம், குளம்பு சூடேறும், அதனையடுத்த நாடி வலுத்துத் துடிக்கும்.

மிகுதியான மாவுச்சத்து சிறுகுடலில் முழுதும் செரிக்காது பெருங்குடலில் புளிக்கும்போது இந்நோய் தோன்றலாம். உடற்பருமனோடு தொடர்புடைய இன்சுலின் மிகுதியும் முதன்மையான காரணம். வளர்ந்த குதிரைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் மிகக் குறைவு. தானியம், பால், கட்டிவைத்துக் கொழுக்கவைத்தல் என வசாஃப் சுட்டும் மூன்றும் இந்நோய்க்கு இடந்தருவன. பண்டைக் கிரேக்கரும் குதிரை நோயொன்றை வாற்கோதுமையின் பெயராலேயே வழங்கினர் என்பது ஒப்பிடத்தக்கது.

மீட்பும் காலமும்

இந்நோயிலிருந்து குதிரையை மீட்க முதலில் தானியத்தை நிறுத்தி, நீரில் ஊறவைத்து வடித்த உலர்புல்லை அளவோடு தருவர். நோயின் தொடக்கத்திலேயே குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் இடைவிடாது குளிர்வித்தல், மருத்துவர் மேற்பார்வையில் வலியைத் தணித்தல், ஓட்டாமல் மெத்தென்ற படுக்கையில் ஓய்வு தருதல் ஆகியன அடுத்தவை. பின்னர் எலும்பின் நிலையை எக்ஸ்ரே வழி அறிந்து, குளம்பின் முன்நுனியைச் சீவிப் பொருத்தமான இலாடமோ தாங்கியோ அமைப்பர். குளம்பின் முன்பகுதி முழுதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதங்கள் ஆகும்.

பாண்டிய நாட்டுச் சூழலில் இக்காலக்கணக்கே கருதத்தக்கது. மீட்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். வணிகமோ ஆண்டுதோறும் புதுக் குதிரைகளை இறக்கியது. நொண்டும் குதிரையைப் பேணிக் காத்திருப்பதினும் புதிதொன்றை வாங்குவது எளிதாயிருந்திருக்கும். வைத்தியர் வருகையை வணிகர் தடுத்தனர் என்னும் போலோவின் கூற்று உண்மையாயின், பேணும் அறிவின் குறையும் வணிக நலனால் நீடித்ததாகும்.

ஆய்வின் எல்லை

இருவரும் குளம்பின் நிலையை விவரிக்கவில்லை. சோர்வும் தளர்ச்சியும் மிகுவேலையாலும் நேரலாம். நெடுங்கடற் பயணம், வெப்பம், பூச்சிகள் பரப்பும் நோய்கள் ஆகியவற்றையும் விலக்க இயலாது. ஆகவே குளம்பழற்சியை ஒரே காரணமாக அன்றி, தீவனக் குறிப்புகள் வலுச்சேர்க்கும் ஒரு காரணமாகவே கொள்ளவேண்டும்.

முடிவுரை

குதிரை அழிவினைத் தட்பவெப்பத்தின் மேலோ மக்களின் அறியாமையின் மேலோ மட்டும் சுமத்துதல் பொருந்தாது. தீவனம், ஓய்வின்மை, வணிக முறை ஆகியவை ஒருங்கே எண்ணப்படவேண்டும். கொள்ளு, புல், இலாடம், கொட்டில் தொடர்பான சொற்களைக் கல்வெட்டுகளிலிருந்தும் சுவடிகளிலிருந்தும் தொகுத்தால், குதிரை வாங்கிய வரலாற்றோடு குதிரை வளர்த்த வரலாற்றையும் எழுத இயலும்.