கடலடியில் ஓடும் ஒளி



ஒரு நாட்டின் செல்வம் வயலிலும் ஆலையிலும் மட்டும் விளைவதன்று; அறிவிலும் விளைவது. இந்தியாவை அறிவுப் பொருளாதார நாடாக்கும் குறிக்கோளுடன் 2015 ஜூலை 1-ஆம் நாள் ‘டிஜிட்டல் இந்தியா’ திட்டம் பிறந்தது. கடல் கடந்த நம் ஷாதிபூருக்கு அதனால் விளைந்தது என்ன?

நெடுங்காலம் தீவுகளின் தொலைத் தொடர்பு செயற்கைக் கோளையே நம்பியிருந்தது. அக்கோளோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஷாதிபூரிலிருந்து செய்தி அங்கே ஏறிச் சென்னையில் இறங்கக் கால் விநாடி ஆகும். அதைவிடப் பெருங்குறை, பல்லாயிரம் பேருக்குப் போதிய இடம் அவ்வழியில் இன்மையே.

இந்நிலையை மாற்றியது கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (முன்னாள் போர்ட் பிளேயர்), அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் செல்லும் இதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய்.

தலைமயிர் போன்ற இழைக்குள், சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பியபடி ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் சென்னையை எட்டிவிடுகிறது!

பாதை கிடைத்துவிட்டது, அனுப்பப் பொருள் வேண்டாமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? படம் பார்க்க மட்டும் கம்பி பயன்படுமானால் நாம் வாங்குவோராகவே நிற்போம். பவளப் பாறை, மழைக்காடு, நிலநடுக்கம், 2004-இன் ஆழிப்பேரலை: இத்தீவுகள் உலகுக்குக் கற்பிக்கும் பாடங்கள் பல. அவற்றை அளந்து, ஆராய்ந்து, தமிழிலும் எழுதி அனுப்புவது மாணவர் கடன். அன்றுதான் இக்கம்பி இருவழிப் பாதையாகும்.