இறங்கும் நேரத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீயும் உன் தோழிகளும் ஏற்காட்டுக்கு வரப்போவதாக அம்மா சொன்னாள். உன் கேள்விப் பட்டியலும் வந்து சேர்ந்தது. எந்த ரயில், எந்த விமானம், எத்தனை நாள், எதையெல்லாம் பார்ப்பது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். கூடவே நீங்கள் போட்ட திட்டத்தையும் அனுப்பியிருக்கிறாய். காலையில் மலையேறி, ஒரே பகலில் பத்து இடங்களைப் பார்த்து, பொழுது சாய்ந்ததும் இறங்கி, இரவு ரயிலைப் பிடிப்பதாக இருக்கிறது அது. உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தத் திட்டத்தை அப்படியே நடத்த வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த பயணத்துக்கு நீயே திட்டம் போட்டுக்கொள்வாய்.

ஊர்ப் பயணம் என்றால் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுவது நம் எல்லாருக்கும் வழக்கம். மலைப் பயணத்துக்கு இறங்கும் நேரத்திலிருந்துதான் போட வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஏற ஒரு மணி நேரம், பேருந்தில் இன்னும் சற்றுக் கூடுதல். ஏறும்போது வண்டி தானாகவே நிதானமாகத்தான் போகும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. அவசரப்படும் ஓட்டுநர் வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்; பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். பழகியவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள், பிரேக்கை விட்டுவிட்டுத்தான் மிதிப்பார்கள், குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிடுவார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு தனியார் பேருந்து இந்தப் பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின. சேலத்துக்காரர்கள் யாரும் அந்த நாளை மறக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தோடு, இருட்டில், பனிமூட்டத்தில் இந்தப் பாதையில் இறங்குவதுபோல் ஒரு திட்டம் இருக்கவே கூடாது.

ஆகவே முதல் விதி இதுதான்: வெளிச்சத்தில் ஏறு, வெளிச்சத்தில் இறங்கு. பிற்பகல் மூன்று, மூன்றரைக்கு ஏற்காட்டை விட்டுக் கிளம்பினால் பனிக்காலத்திலும் பொழுது இருக்கும்போதே அடிவாரம் வந்துவிடலாம். அதை மாற்ற முடியாத நேரமாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்கு.

இப்போது ரயிலைப் பார்ப்போம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறதே, அதில் ஏறினால் நேரே போய்விடலாமா என்று உன் தோழி கேட்டிருக்கிறாள். ஏற்காட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. அந்த ரயில் உங்கள் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடுகிறது. சேலம் ஜங்ஷனில் இறங்கித்தான் மலைக்குப் போக வேண்டும். இரவு சென்னையில் கிளம்பி, விடிவதற்கு வெகு முன்பே சேலத்தில் இறக்கிவிடும். ஐந்து பெண் பிள்ளைகள் அந்த நேரத்தில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டாம். சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் வந்தே பாரத் வேகமானது, வசதியானது. 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் பிற்பகலில் கிளம்பி மாலையில்தான் சேலம் வருகிறது. அதில் வந்தால் அன்றிரவு நம் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் ஏறலாம். நேரே மலைக்குப் போவதென்றால் விடிகாலையில் சென்னையை விடும் கோவை எக்ஸ்பிரஸ்தான் பொருத்தம். பதினோரு மணியையொட்டிச் சேலம் வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு மலையில் இருக்கலாம். இந்த மூன்றில் எது வேகமானது என்று பார்ப்பதைவிட, எது வெளிச்சத்தில் அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடும் என்று பார். கால அட்டவணை அவ்வப்போது மாறும். முன்பதிவு செய்யும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். திரும்பும் சீட்டை முதலில் எடு, வரும் சீட்டை அடுத்து எடு. விடுமுறை நாட்களில் வரும் வண்டியில் இடம் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். திரும்பும் வண்டியில் இடமில்லாமல் வந்து மாட்டிக்கொண்டால் பாடுதான்.

ஹைதராபாத்திலிருந்து வரும் தோழிக்கு விமானம் உண்டா என்று கேட்டாய். சேலம் விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-இல் திறந்தார்கள், அதன்பின் சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்து வந்திருக்கிறது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021-இல் அது நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஓடுபவை சிறிய ஏடிஆர் விமானங்கள்; எண்ணிக்கையும் குறைவு. பெரிய விமான நிலையத்தில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது இருக்கும். இங்கே அநேகமாக அடுத்த நாள்தான். அதனால் அவளுக்கு இரண்டு வழி வைத்துக்கொள். சேலத்துக்கு நேரடி விமானம் அந்த நாளில் இருந்தால் முதல் வழி. இல்லாவிட்டால் பெங்களூரு வரை விமானம், அங்கிருந்து சேலத்துக்கு ரயிலோ பேருந்தோ. விமானத்தையும் ரயிலையும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். விமானம் தாமதமானதற்கு ரயில்வே பொறுப்பேற்காது. எந்த வழியில் வந்தாலும் மற்றவர்கள் மலையேறுவதற்கு முந்தின நாளே அவள் சேலத்தில் இருக்கட்டும்.

அடுத்தது எப்போது வருவது. இதற்கு உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மே மாதம் அரசின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். சேலம் கொதிக்கும்போது ஏற்காட்டுக் காற்று சொர்க்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊரே அப்போது மேலே இருக்கும். அறை வாடகை ஏறிவிடும். பாதையை ஒருவழியாக்கி, இறங்குபவர்களைக் குப்பனூர் வழியாகச் சுற்றி அனுப்புவதும் உண்டு. அந்த வழி நீளம். அப்படித் திருப்பிவிட்டால் உங்கள் ரயில் கணக்கு தவறும். மழை முடிந்தவுடன் வந்தால் கிளியூர் அருவியில் தண்ணீர் கொட்டும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அந்த அருவி. கோடையில் போய் வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. காபிச் செடி பூத்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்த சில நாட்களில் வர வேண்டும். கிளை முழுக்க வெள்ளைப் பூ அப்பிக்கொண்டிருக்கும், தோட்டத்து ஓரமாக நடந்தாலே மல்லிகை போன்ற மணம் வரும், சில நாட்களில் உதிர்ந்துவிடும். அருவியையும் காபிப் பூவையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைக்காதே. பருவம் இரண்டும் வேறு.

அக்டோபர் கடைசி, நவம்பர், டிசம்பர் தொடக்கம் என்றால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. புயல், கனமழை என்று அறிவிப்பு வந்தால், கட்டிய பணம் போகிறதே என்று யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிப்போடு. உங்களுக்கு நான் சொல்லும் காலம் டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை. குளிர் இருக்கும், அருவியில் ஓரளவு தண்ணீரும் இருக்கும், காபிப் பழம் பறிக்கும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். பொங்கலையும் புத்தாண்டையும் தவிர்த்து, வார நாளில் வாருங்கள். ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள்.

இரண்டு இரவு தங்குங்கள். ஏரிக்குப் பக்கத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. தனியார் விடுதிகளும் ஏராளம். விடுதி ஏரிப்பக்கமா, தள்ளி எஸ்டேட்டுக்குள்ளா என்று கேட்டுக்கொண்டு பதிவு செய். உள்ளடங்கிய இடமென்றால் இருட்டிய பிறகு வெளியே போய் வர முடியாது. காட்டெருமை நடமாட்டம் உண்டு.

முதல் நாள் சாப்பிட்டுவிட்டு இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போங்கள். 1963-இல் தொடங்கியது. பூச்சி தின்னும் குடுவைச் செடி அங்கே இருக்கிறது. சேர்வராயன் என்னும் இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற அரிய மரத்தையும் அங்கே காப்பாற்றி வளர்க்கிறார்கள். நீ தாவரவியல் படிக்கிறவள். ஏரியில் படகு விடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது இதற்கு இரண்டு மணி நேரம் கொடு. பொழுது சாயும்போது லேடீஸ் சீட் போய்விடுங்கள். இருட்ட இருட்டக் கீழே சேலம் விளக்கேற்றிக்கொள்வது தெரியும். அன்றிரவு மலையில் தங்குவதால்தான் பதறாமல் அதைப் பார்க்க முடியும்.

இரண்டாம் நாள் விடியலில் கிழக்குப் பார்த்த பகோடா பாயிண்ட். பிறகு சேர்வராயன் கோயில். 5,300 அடிக்கு மேல், மலையின் உச்சியை ஒட்டிய சமதளத்தில் இருக்கிறது. கோபுரத்தைத் தேடாதீர்கள், அது ஒரு குகை. வாசல் தாழ்வு, முதுகை வளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஈரக் கல் வாசமும் விளக்கெண்ணெய் மணமும் கலந்திருக்கும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அருகருகே. வெளிச்சம் பழகக் கொஞ்ச நேரமாகும், அதுவரை நின்று பாருங்கள். மே மாதம் இங்கே திருவிழா. சுற்றுப்பட்ட மலைக்கிராமத்து மக்கள் எல்லாரும் கூடுவார்கள். பிற்பகலில் மலைக்கிராமங்களான நாகலூர், கரடியூர் இரண்டில் ஒன்றின் பக்கம் மட்டும் போய் வாருங்கள். மூன்றாம் நாள் காலையில் கிளியூர். படியிறங்கி நடக்க வேண்டும். இறங்குவதைவிட ஏறி வரத்தான் நேரமாகும், பாறை வழுக்கும். குளித்துச் சாப்பிட்டு மூன்று மணிக்குக் கிளம்புங்கள். மாலை ஆறு மணியையொட்டிச் சேலம் வரும் கோவை எக்ஸ்பிரஸைப் பிடிப்பதானால் இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். இரவு வண்டி என்றால் நம் வீட்டுக்கு வந்து குளித்து, தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொன்று, படித்ததையெல்லாம் நம்பிவிடாதே. ஏற்காட்டைப் பற்றி எழுதும் பலரும், 1842-இல் சர் தாமஸ் மன்றோ இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்கள். மன்றோ 1827 ஜூலையிலேயே காலராவில் இறந்துவிட்டார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியை இங்கே கொண்டுவந்தார் என்பதுதான் பதிவான செய்தி. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகு முன்பே, மலையாளி என்னும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள் இங்கே ஊர் கட்டி வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். இறந்தவர் பெயரில் ஒரு வருடத்தையே சரிபார்க்காமல் எழுதுகிறவர்கள், அருவியில் தண்ணீர் இருக்கிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையா சரிபார்த்திருப்பார்கள்? பாதை நிலவரத்தை அடிவாரத்தில் இறங்கி வரும் ஓட்டுநரிடம் கேள். பேருந்து நேரத்தை நடத்துநரிடம் கேள். அருவியைப் பற்றி ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடும் அக்காவிடம் கேள். அன்றைய உண்மை அவர்களுக்குத்தான் தெரியும்.

மலைக்கிராமத்துக்குப் போனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். எஸ்டேட்டுகள் தனியார் நிலம். அனுமதியில்லாமல் நுழைவதும் பழம் பறிப்பதும் தப்பு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலும் துணிப்பையும் கொண்டுவாருங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது உனக்குத் தெரியும். கூட்டம் தாங்க முடியாமல்தான் நீதிமன்றம் அப்படிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏழைகளின் ஊட்டி என்று பெயர் வாங்கிய ஏற்காடு, எளிய குடும்பங்களும் நினைத்தவுடன் வந்துபோகும் இடமாகவே இருக்க வேண்டும். அது வருகிறவர்களின் நடத்தையில்தான் இருக்கிறது.

தேதியைத் தோழிகளோடு பேசி முடிவு செய், கண்ணு. முதலில் திரும்பும் சீட்டை எடு. மலையை விட்டு இறங்கும் நேரத்தைத் தாளின் அடியில் எழுதி, அங்கிருந்து மேல்நோக்கித் திட்டத்தை எழுதி எனக்கு அனுப்பு. பத்து இடம் இருந்த பட்டியலில் ஐந்து இருந்தால் போதும். அந்த ஐந்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஐந்து பேரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.

அன்புடன்,
உன் சித்தி
சேலம்