விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால்

தொய்வு, முட்டு உள்ளவர்களை நியூமோனியாவிலிருந்து பாதுகாத்தல்

சொந்த ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில் வேலைகள் பல. வளவைத் துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கூரை போட வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இந்த அலுவல்களுக்கு நடுவே வீட்டில் ஒருவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தால், "இரண்டு மூன்று நாளில் மாறிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது மாறியும் விடும். ஆனால் நெடுநாளாகத் தொய்வோ முட்டோ உள்ள ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய காய்ச்சலை அப்படி விடக்கூடாது.

இந்தப் பாடத்தில் நீங்கள் முக்கியமாக மனதில் வைக்கவேண்டியது ஒன்றுதான்: தடிமன் காய்ச்சல் குறைந்து, ஆள் தேறி வரும்போது, காய்ச்சலும் இருமலும் திரும்பி வந்தால், அது பழைய தடிமன் அல்ல. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

யாருக்கு ஆபத்துக் கூட?

பின்வருவோர் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

• தொய்வு (ஆஸ்துமா) உள்ள பெரியவர்களும் பிள்ளைகளும்.
• பல ஆண்டுகள் சிகரெட், பீடி, சுருட்டுப் பிடித்து, இப்போது நடந்தால் மூச்சு வாங்குபவர்கள்.
• புகைபிடிக்காவிட்டாலும், வாழ்நாள் முழுவதும் விறகடுப்புப் புகையில் சமைத்து, நாட்பட்ட இருமலும் சளியும் உள்ள அம்மாமார், அம்மம்மாமார்.
• முன்பு காசநோய் வந்து, மருந்து எடுத்துக் குணமானாலும் நுரையீரலில் வடு உள்ளவர்கள்.

இவர்களில் ஒருவருக்கு 65 வயதுக்கு மேல் இருந்தாலோ, நீரிழிவு அல்லது இருதய நோயும் சேர்ந்து இருந்தாலோ ஆபத்து இன்னும் கூடும்.

ஒரு காய்ச்சலுக்குப் பின்னால் இன்னொன்று

இன்புளுவென்சா என்பது வைரசினால் வரும் காய்ச்சல். திடீரென்று காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி, தொண்டை நோ, வறட்டு இருமல் என்று தொடங்கும். இலங்கையில் இது ஆண்டில் இரண்டு காலங்களில் கூடுதலாகப் பரவுகிறது: ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை ஒன்று, நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மற்றொன்று. வடக்கிலும் கிழக்கிலும் இந்த இரண்டாவது காலம் மாரி மழையோடு சேர்ந்தே வரும்.

எங்கள் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மிக நுண்ணிய மயிர்கள் உண்டு. முற்றம் கூட்டும் விளக்குமாறு போல, அவை தூசியையும் கிருமிகளையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்புளுவென்சா வைரசு இந்த உட்படலத்தைச் சேதமாக்குகிறது. அது திரும்ப வளரும் வரை கூட்டுவதற்கு ஆள் இல்லாத முற்றம் போலத்தான். மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த பற்றீரியாக் கிருமிகள் அந்த வேளையில் நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகும். நுரையீரலின் காற்றறைகளில் சீழும் நீரும் நிறையும். இதுதான் பற்றீரியா நியூமோனியா. தொய்வு, முட்டு உள்ளவர்களுக்கு இந்த நுண்மயிர்கள் முன்பே பழுதாகி இருக்கும். சளியும் தேங்கி இருக்கும். அதனால் கிருமிக்கு வழி இலகுவாகிறது.

இது புதிய நோய் அல்ல. 1918 இல் உலகம் முழுவதும் பரவி இலங்கையையும் தாக்கிய பெரும் இன்புளுவென்சாவில், இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது பின்னால் வந்த பற்றீரியா நியூமோனியாதான் என்பதை, பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அன்று அதற்கு மருந்து இல்லை. பெனிசிலினே 1928 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மருந்து உண்டு. அரச வைத்தியசாலையில் இலவசமாகவே உண்டு. ஆனால் நேரத்தோடு போனால்தான் அது பலன் தரும்.

ஆபத்தை எப்படி அறிவது?

ஒரு பெரியவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்து, முற்றத்தில் வந்து இருக்கிறார். வீட்டார் நிம்மதியாகி விடுகிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை குளிரோடு காய்ச்சல் திரும்பி வருகிறது; சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறது. "தடிமன் இன்னும் விடவில்லை" என்று வீட்டார் எண்ணும் இடம் இதுதான். தவறு நடக்கும் இடமும் இதுதான்.

காய்ச்சல் தொடங்கியதிலிருந்து இரண்டு கிழமை வரை பின்வருவனவற்றைக் கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

• விட்ட காய்ச்சல் திரும்புதல், அல்லது குளிர் நடுக்கம்.
• சளி கூடுதல், நிறம் மாறுதல், துருப்பிடித்த நிறம் அல்லது இரத்தம் கலந்திருத்தல்.
• மூச்சை உள்ளே இழுக்கும்போதும் இருமும்போதும் நெஞ்சில் ஒரு பக்கம் குத்துதல்.
• வழக்கமாகப் பாவிக்கும் இன்ஹேலர் வழக்கம்போல் உதவாமை.

மூச்சை எண்ணவும் பழகுங்கள். ஆள் அமைதியாக இருக்கும்போது, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நெஞ்சு எத்தனை தரம் உயர்கிறது என்று எண்ணுங்கள். சுகமாக இருக்கும் நாளில் ஒரு தரம் எண்ணிக் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். வருத்தம் வந்த நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் அது அவசரநிலை. பிள்ளைகளுக்கு அளவு வேறு: 2 மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினால் உடனே கொண்டுபோங்கள்.

உதடு அல்லது நகம் நீலம் பாய்தல், ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க முடியாத மூச்சுத் திணறல், பிள்ளைக்கு விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபடுதல், தடுமாறிப் பேசுதல், எழுப்ப முடியாத நித்திரை: இவற்றைக் கண்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். ஒழுங்கையின் பெயரையும் பக்கத்தில் உள்ள கோயில், பாடசாலை, சந்தி ஒன்றையும் சொல்லுங்கள். புதிதாகக் குடியேறிய இடத்தில் இதை முன்கூட்டியே வீட்டார் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

முதியவர்களிடம் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு நியூமோனியா வந்தாலும் காய்ச்சல் காயாமல் இருக்கலாம். சாப்பாட்டை வெறுத்தல், திடீர்ச் சோர்வு, நாள் கிழமை தெரியாமல் பேசுதல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். "வயசுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வருமுன் காக்க

1. கிளினிக்கைத் தொடருங்கள். இடம் மாறும்போது பலருடைய மருந்து நின்றுபோகிறது. முன்பு மருந்து எடுத்த வைத்தியசாலை இப்போது தொலைவாகி இருக்கும். கிளினிக் கொப்பியையும், மீதமுள்ள மருந்துகளை அவற்றின் உறையோடும் எடுத்துக்கொண்டு, கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக்கோ ஆதார வைத்தியசாலைக்கோ போய்ப் பதியுங்கள். கொப்பி தொலைந்திருந்தாலும் போங்கள். புதிதாக ஒன்று எழுதித் தருவார்கள். மருந்து முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அடுத்த முறைக்குப் போவது நல்லது.

2. தடுக்கும் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். முட்டு வரும்போது மட்டும் பாவிப்பது ஒன்று. முட்டு வராமல் தடுக்க நாள்தோறும் பாவிப்பது மற்றொன்று. "சுகம்தானே" என்று இரண்டாவதை நிறுத்துவது பலர் விடும் பிழை. அதைப் பாவித்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். நீங்கள் இழுக்கும் முறை சரியா என்று தாதியிடம் ஒரு தரம் செய்து காட்டுங்கள்.

3. புகையைக் குறையுங்கள். தற்காலிகக் கொட்டிலில் படுக்கும் இடத்துக்குள்ளேயே அடுப்பு இருந்தால், முதலில் அடுப்பை வெளியே ஒரு பத்திக்கு மாற்றுங்கள். காய்ந்த விறகைப் பாவியுங்கள். நிரந்தர வீடு கட்டும்போது குசினிக்குப் புகைபோக்கியும் யன்னலும் கட்டாயம் வையுங்கள். நுளம்புச் சுருளுக்கும் வேப்பம்புகைக்கும் பதிலாக நுளம்பு வலை கட்டுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டைத் துப்புரவாக்கும்போதும், பற்றைகளை எரிக்கும்போதும் முட்டு உள்ளவரைத் தூர இருக்கச் சொல்லுங்கள். தூசியைக் கூட்டுமுன் தண்ணீர் தெளியுங்கள். புகைபிடிப்பவர் வீட்டில் இருந்தால் விட முயல வேண்டும்; விடும்வரை வீட்டுக்குள் பிடிக்கக்கூடாது.

4. தொற்றைத் தூர வையுங்கள். இருமும்போது வாயை லேஞ்சியால் அல்லது மடித்த முழங்கையால் மூடுங்கள். சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவுங்கள். ஓர் அறையில் பலர் படுக்க வேண்டியிருந்தால், காய்ச்சல் உள்ளவரையும் முட்டு உள்ளவரையும் பக்கத்தில் படுக்கவிடாதீர்கள். ஒருவரின் தலைமாட்டில் மற்றவரின் கால்மாடு வரும்படி பாயைப் போடுங்கள். பகலில் யன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள்.

5. தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இன்புளுவென்சாத் தடுப்பூசியை ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். பாதுகாப்பு வர ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே மாரி தொடங்குமுன் கேட்க வேண்டும். நியூமோனியாவை உண்டாக்கும் முக்கிய பற்றீரியா ஒன்றுக்கு எதிரான ஊசியும் வேறாக உண்டு. உங்கள் வீட்டு நோயாளிக்கு இவை தேவையா, எங்கே கிடைக்கும் என்று கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். சிறுபிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் ஊசிகளில் ஒரு வகை நியூமோனியாவுக்கு எதிரான பாதுகாப்பும் அடங்கியுள்ளது. இடப்பெயர்வினால் ஊசி தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் தொடங்கிவிட்டால்

முட்டு, தொய்வு உள்ளவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் இரண்டு நாளுக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்புளுவென்சாவுக்கு எதிரான குளிசை தேவை என்று வைத்தியர் கருதினால், அந்த நேரத்துக்குள் தொடங்கும்போதுதான் பயன் அதிகம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், சொன்ன அளவில் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்கவேண்டாம். டெங்குக் காய்ச்சலாக இருந்தால் அவை இரத்தக்கசிவை உண்டாக்கும். தொய்வு உள்ள சிலருக்கு முட்டையும் கூட்டும். டெங்கிலும் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம் என்பதை மறவாதீர்கள்.

கஞ்சி, சூப், இளநீர், கொத்தமல்லித் தண்ணீர் என்று அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். தண்ணீரை அளவோடு குடிக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம். மருந்துக்குப் பதில் அல்ல. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வையுங்கள். இயலுமானபோது எழுந்து இருக்கவும், சளியை இருமித் துப்பவும் உதவுங்கள்.

அன்ரிபயோட்டிக் மருந்து வைரசைக் கொல்லாது. ஆகவே போன முறை மிஞ்சிய குளிசையையோ, அயலவர் தந்ததையோ "முன்னெச்சரிக்கைக்கு" எடுக்கவேண்டாம். ஆனால் நியூமோனியா என்று கண்டு வைத்தியர் தந்தால், இரண்டு நாளில் சுகம் வந்தாலும் சொன்ன நாள்வரை முழுவதும் எடுக்க வேண்டும். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோயா என்று அறிய அது தேவை.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

• எங்கள் வீட்டில் ஆபத்துக் கூடியவர் யார்? அவருடைய கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது?
• அவருடைய மருந்து இன்னும் எத்தனை நாளுக்குப் போதும்?
• எங்கள் அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது? அவர் எங்கே படுக்கிறார்?
• இரவில் மூச்சு முட்டினால் யார் அழைப்பது, யார் கூடப் போவது, பிள்ளைகளோடு யார் நிற்பது?

இந்தக் கேள்விகளுக்கு இன்றிரவே விடை கண்டுகொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளின் பின் தன் முற்றத்துக்கு வந்து சேர்ந்த முதியவர், ஒரு தடிமனின் பின்னால் வந்த காய்ச்சலைக் கவனிக்காததால் உங்களைவிட்டுப் போய்விடக் கூடாது. காய்ச்சல் விட்ட நாளிலிருந்து இன்னும் பத்து நாள் அவரைக் கூர்ந்து பாருங்கள். திரும்பி வந்தால், காத்திருக்க வேண்டாம்.