பாடம் 7: சொல்லும் செயலும் ஒன்றானவர்

காவிரிக் கரையில் அமைந்த திருவையாற்றில் 1855ஆம் ஆண்டு ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். கல்வி முடித்தபின் சென்னையில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1878ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் அதனைக் குறைகூறி எழுதின. அவற்றிற்கு மறுமொழி கூற விரும்பிய சுப்பிரமணிய ஐயரும் நண்பர் ஐவரும் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் பெற்றனர். ‘தி இந்து’ என்னும் ஆங்கில வார இதழை 80 படிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20 அன்று வெளியிட்டனர்.

ஆங்கிலம் அறிந்தவர் அந்நாளில் மிகச் சிலரே. நாட்டு நடப்பைப் பொதுமக்களும் அறிய வேண்டும் என எண்ணிய ஐயர், 1882ஆம் ஆண்டு ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1899ஆம் ஆண்டு அது நாளிதழாக வளர்ந்தது. 1904இல் பாரதியார் அதில் துணையாசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்த்து எழுதினார்.

1885ஆம் ஆண்டு பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஐயரே.

அக்காலத்தில் சிறுமியர்க்குத் திருமணம் செய்விக்கும் வழக்கம் இருந்தது. கணவன் இறந்தால், அச்சிறுமி வாழ்நாள் முழுவதும் கைம்பெண்ணாகவே இருத்தல் வேண்டும். 1856ஆம் ஆண்டுச் சட்டம் மறுமணத்தை ஏற்றது, ஊரார் ஏற்கவில்லை. இக்கொடுமையைக் கண்டித்து வந்த ஐயரின் மகள் சிவப்பிரியாவும் இளம் வயதிலேயே கணவனை இழந்தாள். பிறர்க்கு உரைத்த அறத்தைத் தம் இல்லத்தில் நிறைவேற்றும் வேளை ஐயருக்கு வந்தது. 1889ஆம் ஆண்டு பம்பாயில் மகளுக்கு மறுமணம் செய்வித்தார். உற்றாரும் ஊராரும் அவரை ஒதுக்கினர். அவரோ தம் கொள்கையினின்று பின்வாங்கவில்லை.

1898இல் ‘தி இந்து’விலிருந்து விலகிய அவர், சுதேசமித்திரனுக்கே தம் உழைப்பை அளித்தார். அரசை எதிர்த்து எழுதியமைக்காக 1908இல் கைது செய்யப்பட்டார். 1916ஆம் ஆண்டு மறைந்தார்.

சீர்திருத்தத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் எளிது. தம் வீட்டில் தொடங்குதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையால் அவர் சொல்லுக்கு வலிமை மிகுந்தது.

அருஞ்சொற்பொருள்
படி – பிரதி
கைம்பெண் – கணவனை இழந்தவள்
உற்றார் – உறவினர்
அரிது – கடினமானது

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ‘தி இந்து’ இதழ் தொடங்கப்பட்டதன் காரணம் யாது?
2. ஆங்கில இதழ் இருந்தும் ஐயர் தமிழ் இதழைத் தொடங்கியது ஏன்?
3. சட்டம் ஏற்றதை ஊரார் ஏற்காதபோது ஐயர் என்ன செய்தார்?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
எளிது, முதல், வலிமை

இ. செய்து பார்க்க.
இன்றைய ஆங்கிலம் அல்லது இந்திச் செய்தித்தாளிலிருந்து ஒரு சிறு செய்தியைத் தேர்ந்து, வீட்டிலுள்ள பெரியோர் துணையுடன் ஐந்து தமிழ்த் தொடர்களில் எழுதுக. எழுதியதை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுக.