மூன்றாம் வகை மூன்றாந்தரம் அன்று

மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் 2011ஆம் ஆண்டு கெயர்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பரகுடா என்னும் இரு கிணறுகளில் இயற்கை எரிவாயுவைக் கண்டறிந்தது. 1970களிலேயே, மன்னார்த் தீவில் கீரிக் கடற்கரைக்கு அப்பால் உள்ள பேசாலையில், சோவியத் உதவியுடன் எண்ணெய்க்கான துளையிடல் நடந்திருந்தது. மன்னார்ப் படுகையின் வாயு என்றேனும் கரைசேருமாயின், அதனருகே இயங்கவேண்டிய மின்கருவிகளைக் குறித்து நிலவும் பிழையான எண்ணங்கள் முன்கூட்டியே களையப்பட வேண்டியவை.

நீர் புகாத விளக்கு வாயுவுக்கும் பாதுகாப்பானது என்பது கடற்கரையில் எளிதில் வேரூன்றும் நம்பிக்கை. தூசும் நீரும் புகாமையைச் சொல்லும் தரக்குறி, வெடிப்பைத் தடுக்கும் ஆற்றலைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

தீச்சுவாலைக் காப்புப் பெட்டிக்குள் வாயு நுழையாது என்பது இதனினும் ஆபத்தான எண்ணம். வாயு நுழையும், உள்ளே வெடிக்கவும் கூடும் என்று கொண்டே அப்பெட்டி வடிவமைக்கப்படுகிறது. வெடிப்பின் அழுத்தத்தைச் சுவர்கள் தாங்க, மூடியும் உடலும் பொருந்தும் ஒடுங்கிய இடைவெளியூடாக வெளியேறும் சுவாலை, உலோகப் பரப்பில் வெப்பத்தை இழந்து, வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்க இயலாதவாறு தணிந்துவிடுகிறது. ஆகவே உப்புக்காற்று அப்பொருத்துப் பரப்பை அரித்துக் குழியாக்கினாலும், ஒரேயொரு திருகாணி கழன்றிருந்தாலும், காப்பு கெட்டுவிடும். கீரி போன்ற கரையில் இது ஏட்டளவான அச்சம் அன்று.

குறைந்த மின்னழுத்தம் தீங்கற்றது என்பாரும் உளர். மெதேனைப் பற்றவைக்க ஒரு யூலின் ஆயிரத்திலொரு பங்கைவிடக் குறைந்த ஆற்றலுடைய பொறியே போதும். 1913இல் வேல்சின் செங்கனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 439 தொழிலாளர் மாண்டபோது, மின்மணிச் சைகையின் பொறியே காரணமாகலாம் என ஐயுறப்பட்டது. பொறியின் ஆற்றலையே கட்டுப்படுத்தும் 'உள்ளியல்பான பாதுகாப்பு' முறைக்கு அதன்பின் நடந்த ஆய்வுகள் அடித்தளமிட்டன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு அற்றெக்ஸ் நெறிமுறை, வெடிப்புச் சூழலில் இயங்கும் கருவிகளுக்குச் சொல்லும் 1, 2, 3 என்னும் வகைகள் பொருளின் தரவரிசை அல்ல. வாயு இடைவிடாதோ நெடுநேரமோ இருக்கும் வலயம் 0இற்கு முதலாம் வகையும், வழக்கமான இயக்கத்தில் இடையிடையே தோன்றும் வலயம் 1இற்கு இரண்டாம் வகையும், அரிதாகச் சிறிது நேரமே தோன்றும் வலயம் 2இற்கு மூன்றாம் வகையும் உரியன. வெப்ப வகுப்பிலோ எண் கூடக் கூட மேற்பரப்பின் உச்ச வெப்பம் குறைகிறது: ரி1 என்பது 450 பாகை செல்சியஸ், ரி6 என்பது 85 பாகை. வாயுக்குழுவையும் பார்த்தல் வேண்டும். மெதேனுக்கு மட்டும் சான்றளிக்கப்பட்ட கருவியை ஐதரசனுக்கு அருகே வைத்தல் ஆகாது.

சான்றிதழ் எண்ணின் இறுதியில் எக்ஸ் என்னும் எழுத்து இருப்பின், அக்கருவிக்குச் சிறப்புப் பயன்பாட்டு நிபந்தனைகள் உண்டு எனப் பொருள். அவற்றைச் சான்றிதழில் படித்தறிந்த பின்னரே கருவியைப் பொருத்த வேண்டும்.