இணைந்த கணிதமும் இசட் புள்ளியும்

உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணித வினாத்தாள் முடிந்த அன்று, பிள்ளை சைக்கிளை நிறுத்துமுன்னரே "எத்தனை வரும்?" என்று கேளாத பெற்றோர் நம் குடாநாட்டில் மிகச் சிலரே. அக்கேள்விக்கு ஓரளவு விடை காணலாம். எவ்வளவுக்குக் காணலாம் என்பதையே இங்கு பார்ப்போம்.

வினாத்தாள்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பகுதி அ-வில் பத்து வினாக்கள், வினாவுக்கு 25 புள்ளிகள். பகுதி ஆ-வில் ஏழு வினாக்களுள் ஐந்துக்கு விடையளிக்க வேண்டும், வினாவுக்கு 150. ஆக, வினாத்தாளுக்கு 1000. இரண்டையும் கூட்டி 20 ஆல் வகுத்தால் நூற்றுக்கு உரிய புள்ளி வரும். முதலாவதில் 620, இரண்டாவதில் 480 என்றால் 55. இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. ஆகையால் விடையை மட்டும் ஒப்பிட்டு முழு வினாவையும் வெட்டிவிடாதீர்கள்.

ஆனால், பல்கலைக்கழகம் கேட்பது இந்த 55 ஐ அன்று. அப்பாடத்துக்குத் தோற்றியோரின் இடையை உங்கள் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவதே இசட் புள்ளி. இடை 35, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம்: 55 க்கு இசட் 1. இடை 45 ஆக உயர்ந்தால் அதே 55 க்கு 0.5 தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே பெறுபேற்றில் வரும். இவ்வாண்டின் இடையும் விலகலும் திருத்தம் முடியுமுன் எவருக்கும் தெரியா. பரீட்சை முடிந்த மறுநாளே இசட் சொல்லும் ரியூசன் ஆசிரியருக்கும் தெரியா!

'தரப்படுத்தல்' என்றவுடன் மூத்தோர் மனம் கசப்பது இயல்பு. 1970 ஆம் ஆண்டுப் பரீட்சையின் பின் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கு 227 உம் தேவைப்பட்டன. 2001 இல் வந்த இசட் முறை மொழிமூலத்தைப் பார்ப்பதில்லை. மாவட்டப் பங்கீடு அதன் பின்னர் நடக்கும் வேறொரு கணக்கு. எனினும், யாரோடு யாரை ஒப்பிடுவது என்பது இதிலும் முக்கியமே. 2011 இல் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தபோது வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2012 இல் இரு பிரிவினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு தீர்ப்பாயிற்று.

எனவே, பெற்றோரே, ஒற்றை எண்ணைக் கேளாதீர்கள். "50 க்கும் 60 க்கும் இடையில்" என்ற விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். மேற்சொன்ன விலகலின்படி ஐந்து புள்ளிகள் பிசகினால் அப்பாடத்தில் 0.25, சராசரியில் ஏறத்தாழ 0.08 மாறும். வெட்டுப்புள்ளிக்கு அருகில் அது சிறிய எண் அன்று. அதனாலேயே சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை வைத்துப் பிள்ளையின் வழியை இன்றே முடிவுசெய்வது வீண்.

இதைவிடப் பெரிய கேடு, கணிதம் பிழைத்ததென்று அழுது அடுத்த பாடத்தையும் கைவிடுவது. சராசரியில் மூன்று பாடங்களுக்கும் சம பங்கு. பௌதிகவியலில் நியம விலகல் 10 ஆக இருப்பின், அங்கே கூடுதலாகப் பெறும் 5 புள்ளிகள் கணிதத்தில் இழந்த 10 புள்ளிகளுக்கு ஈடாகும். அந்த வினாத்தாள் இன்னும் எழுதப்படவில்லையாயின், கணித விடைகளைச் சரிபார்ப்பதைப் பரீட்சை முடியும்வரை தள்ளிவையுங்கள்.